வெள்ளச்சியும் ஐந்து பாலமும்

என் குட்டை மாமா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பீர்கள், அடுப்படியில் கூப்பிட்டால் சிரிப்பீர்கள். இது நாலு பேர் படிக்கப்போகிற கடிதம்தான். இருந்தாலும் வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். உங்களுக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீங்கள் போனதும் இல்லை.

வெள்ளச்சி கிளம்பிவிட்டாள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கிளம்பிவிட்டாள், ஆனால் பாலம் ஏறமாட்டேன் என்கிறாள். அதையும் சொல்ல வேண்டும்.

படிக்கிறவர்கள் வெள்ளச்சியை மாடு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது இவருடைய, என் வீட்டுக்காரருடைய, பழைய வெள்ளைக் கார். பெட்ரோல் வண்டி. எங்கள் மகள் கயல் பிறப்பதற்கு முன்னால் வாங்கியது, வாங்கும்போதே இன்னொருவர் ஓட்டி அலுத்தது. உயரம் போதாமல் டிரைவர் சீட்டில் தலையணை போட்டுத்தான் இவர் ஓட்டுவார். வாடகைக்கும் போவார், எங்கள் தெருவில் யாருக்கு வலி வந்தாலும் வாடகை பேசாமலும் போவார்.

கயலுக்கு ஏழாம் மாசம், மாமா. நாளைக்குத் திருவாரூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்த கையோடு பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவள் அழுதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "இப்ப அவங்க வண்டில போ. ஏழாம் மாசம் வெள்ளச்சியோட வந்து நிப்பேன். முன் சீட்டுல உக்காந்து வருவ." கல்யாணத்தன்றே ஏழாம் மாசத்தைப் பேசுகிற அப்பனைப் பார்த்துச் சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கயல் அழுகையை விட்டுச் சிரித்துவிட்டாள்.

அவள் அதை மறக்கவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் போன் பண்ணினாள்.

"அம்மா, அப்பா வண்டி வரும்ல?"

"பாக்கலாம்டி."

"பாக்கலாம்லாம் வேணாம். வேற வண்டி வந்தா நான் பஸ்லயே வந்துக்கறேன்."

"வயித்தத் தூக்கிக்கிட்டு பஸ்ல வருவியா நீ?"

"அப்ப வெள்ளச்சிய அனுப்பு."

எனக்கு இன்னொன்றும் மனதில் இருந்தது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நாளைக்குச் சபையில் நான் முன்னால் போக முடியாது. சந்தனம் பூச முடியாது, வளையல் போட முடியாது. சம்பந்தியம்மா ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, நல்ல மனுஷி. "நீங்க உள்ள உக்காந்துக்கங்க சம்பந்தி, வெயிலு" என்றார். தை மாசத்தில் என்ன வெயில்? புரிந்துகொண்டேன். நான் முன்னால் நிற்க முடியாது. வண்டி நிற்கலாம் இல்லையா? பெற்றவர்கள் பக்கத்திலிருந்து வாசலில் ஒன்றாவது நிற்கட்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் போன பிறகு வருஷம் திரும்புகிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடினேன். வருஷத் திதியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அதற்குள் வண்டியின் பதிவு முடிந்துபோயிருந்தது. இவ்வளவு பழைய வண்டியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் புகை சோதனையில் பாஸ் ஆக வேண்டும், பிறகு ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். காலையில் போவீர்கள், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்கள். அதில் இவ்வளவு இருக்கிறதென்று நான் கண்டேனா?

உங்கள் தம்பி சேகரிடம் போய் நின்றேன். அறுவடை மிஷின் ஓட்டுகிற ஆளுக்குத் தை மாசத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. களத்து மேட்டில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வண்டியா? எடைக்குப் போட்டுடலாம் அண்ணி."

"கயல் கேக்குது தம்பி."

"கயலுக்கு ஏசி வண்டி நான் பேசி அனுப்பறேன். அந்த நாய் அன்னைக்குக் கிளம்பிச்சா? கிளம்ப வேண்டிய அன்னைக்குக் கிளம்பாதது இப்ப எதுக்கு?"

டீயைக் கீழே ஊற்றிவிட்டு மிஷினில் ஏறிவிட்டார்.

அந்த ஆவணி மாசக் காலையை நான் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தீர்கள். சேகர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினார். சோக்கை முழுக்க இழுத்தார், ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அடித்தார். பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வரைக்கும் வந்தது. வண்டி இருமியது, பிடிக்கவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழிந்துவிட்டதாம், இப்போதுதான் எனக்கு அதெல்லாம் தெரியும். தெருவில் செங்கல் இறக்கிவிட்டுப் போன லோடு வண்டியை மறித்து அதன் பின்னால் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனோம். ஊரில் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனைச் செங்கல் தூளில்.

அப்போது ஒன்று நடந்தது. சேகர் வெளியே வண்டியோடு போராடிக்கொண்டிருந்தபோது நீங்கள் பேச முடியாமல் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ திருகுகிற மாதிரி காட்டினீர்கள். காற்று கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓடிப்போய் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகி வேகமாக வைத்தேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஆமாம் என்று ஆட்டினீர்களா, இல்லை என்று ஆட்டினீர்களா? அதைப் பிறகு சொல்கிறேன்.

சேகர் வரமாட்டார் என்று நானே திருவையாற்றுக்குப் போய் மெக்கானிக் யூசுப் பாயைக் கூப்பிட்டேன். பாய் வந்து பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தங்கச்சி, இது பெட்ரோல் இல்ல. வார்னிஷ்."

"அவரு ஊத்தினதுதான் பாய். அப்படியேதான் இருக்கு."

"அப்படியே இருந்தா ஊசிப்போகும்."

சோறு ஊசிப்போகும், குழம்பு ஊசிப்போகும். பெட்ரோலும் ஊசிப்போகும் என்று யார் கண்டது? நீங்கள் கடைசியாக ஊற்றியது என்று ஒரு சொட்டு குறையாமல் மூடி வைத்திருந்தேன். அது உள்ளே பிசினாகி டேங்கைத் துருவாக்கி வைத்திருந்தது.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது பாய் சிரித்துவிட்டார். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதன் மேல் பச்சை நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி என்னிடம் காட்டினார். என் துணி சோப்பு. "அண்ணன் வண்டிக்கு சோப்பு போட்டே ஓட்டியிருக்காரு" என்றார். வாங்கி வைத்த சோப்பு மூலையெல்லாம் கடித்த மாதிரி இருக்கிறதே என்று எலியைத் திட்டிக்கொண்டிருந்தேனே, எத்தனை வருஷம்! பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து எலியைத் திட்டினீர்களே மாமா.

பாய் சுரண்டிப் போட்டதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். எதற்கென்று தெரியவில்லை. உங்கள் விரல் பதிந்திருந்தது அதில்.

அன்றைக்குச் சாயங்காலம் சேகர் வந்தார். யார் சொன்னார்களோ. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். டேங்குக்குள் பொடி ஜல்லியைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி, பாய் ஒரு பக்கம் சேகர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள். வெற்றிலை எச்சில் மாதிரி சிவப்பாக வந்தது. மறுபடி ஊற்றினார்கள், மறுபடி சிவப்பு. "இதுக்கு ரெண்டு மா வயல் அறுத்துடலாம் பாய்" என்று சேகர் மூச்சு வாங்கினார். ஓட்டைக்கு ஈயம் வைத்து அடைத்தார்கள். புது டியூப், புது பெட்ரோல். வெள்ளச்சி கிளம்பினாள்.

நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குச் சோறு வடிக்கிற பழக்கம் எனக்கு. பானையைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் வைத்தேன்.

சேகர் டிரைவர் சீட்டில் ஏறினார். உங்கள் தலையணை அப்படியே இருக்கிறது. அவர் உயரத்துக்குத் தலை கூரையில் இடிக்கிறது. "இத எடுத்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டார். நான் கார்க் கதவைச் சாத்தினேன். அவரும் எடுக்கவில்லை. கழுத்தை மடக்கிக்கொண்டே ஓட்டுகிறார், ஆடு திருடின ஆள் மாதிரி.

பெட்ரோல் பங்க் பக்கத்தில் புகை சோதனைக் கடை. சைலன்சருக்குள் ஒரு குழாயைச் சொருகிவிட்டு ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கயல் வயதுதான் இருக்கும். உதட்டைப் பிதுக்கினாள்.

"ஃபெயில் ஆண்டி."

"எவ்வளவும்மா இருக்கு?"

"இருக்கக் கூடாத அளவு இருக்கு. பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குது, காத்து கம்மியா போகுது. எரியாமலே வெளிய வருது பாருங்க, கண்ணு எரியல?"

எரிந்தது. புகையில் எரிந்தது என்றுதான் அவளிடமும் சொன்னேன்.

பாய் கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவாக விடுகிற ஊசியை மாற்றினார். மறுபடி போனோம். மறுபடி ஃபெயில். சேகர் ஸ்டீயரிங்கில் குத்தினார். "பாத்தீங்களா அண்ணி, இதுக்கு நம்ம வீட்டு ஆளுங்க மேல ஏதோ கோபம்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மறுநாள் பாய் பட்டறையில் கார்புரேட்டரையே பிரித்துத் துணி விரித்து வைத்தார். காற்று வடிகட்டிக்குக் கீழே, காற்று உள்ளே போகிற வாயைச் சுற்றி, ஊசிமுனைத் துளைகள் சில இருக்கின்றன. அதன் வழியாகக் காற்று போனால்தான் பெட்ரோலோடு சரியாகக் கலக்குமாம். அந்தத் துளைகளை ஊதினார், ஊதினார், போகவில்லை. மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்தார். மஞ்சளாகப் பொடி விழுந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார்.

"தங்கச்சி, இது சந்தனமா?"

நான்தான் மாமா. வருஷத் திதி முடிந்து வந்த ஆயுத பூஜைக்கு நான்தான் வைத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நீங்கள் பானட்டைத் திறந்து காற்று வடிகட்டி இருக்கிற வட்ட டப்பாவின் மூடியைக் கழற்றித் தூசி தட்டி, ஏதோ பார்த்து, மறுபடி மூடுவீர்கள். அப்புறம் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டா என்பீர்கள். நான் கொடுத்துவிட்டுப் பொரி கடலை எடுக்க உள்ளே போய்விடுவேன். மூடிக்கு மேலே வைப்பீர்கள் என்பதை நான் நின்று பார்த்ததில்லை. நீங்கள் கையை விட்ட இடம்தான் வண்டிக்கு உயிர் இருக்கிற இடம் என்று நினைத்து, உள்ளே, அந்த வாயைச் சுற்றி வைத்தேன். குறைவாகவும் வைக்கவில்லை. மனசாரக் குழைத்து வைத்தேன்.

பாய் கம்பியைத் துடைத்தார். சேகர்தான், "சாமிக்கு வச்சது வண்டிக்கு மூச்சு முட்டிடுச்சு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க மிஷினுக்கு நான் பிளேடுல வச்சேன் அண்ணி, அதுவும் ரெண்டு நாள் அறுக்கல" என்றார். பொய். அவர் மிஷின் கம்பெனிக்காரர்களுடையது, கிட்டத்தில்கூட விடமாட்டார்கள். இருந்தாலும் சிரித்தேன்.

துளையெல்லாம் திறந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டியது. கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது என்றார் பாய். பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் பெட்ரோலும் காற்றும் கூடும், குறையும். புகைக் கடை வாசலிலேயே பானட்டைத் திறந்து, அந்தப் பெண் எண்ணைச் சொல்லச் சொல்ல, பாய் அதைத் திருப்பிக்கொண்டே வந்தார். "இன்னும் இன்னும் இன்னும்… ஹாங், பாஸ்" என்றாள். தாள் அடித்துக் கொடுத்தாள். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாவம், அவள் விழித்தாள்.

இன்றைக்குக் காலையில் தஞ்சாவூர் ஆபீசில் காட்டினோம். அதிகாரி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். தலையணையைப் பார்த்து, "யாரும்மா டிரைவர்?" என்றார். "இல்ல சார்" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. புதுப்பித்துவிட்டார்கள். தேர் நிலைக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

திரும்பும்போதுதான் மாமா, பிரச்சினை.

நம் ஊருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஐந்து பாலம் இருப்பதை இத்தனை வருஷம் நான் எண்ணிப் பார்த்ததில்லை. உங்களோடு வரும்போது ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். வடவாறு எப்படியோ தாண்டியது. வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறும்போது திணறி, நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் இறங்கித் தள்ளினேன். கரும்பு ஏற்றிக்கொண்டு வந்த ஆட்கள் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். "ஏம்மா, எடைக்குப் போட்டுட்டு பஸ்ல போகலாம்ல" என்றான் ஒருவன். "எங்க வீட்டுக்காரர் வண்டிப்பா" என்றேன். "அவரையும் எறங்கித் தள்ளச் சொல்லுங்க" என்று சேகரைக் காட்டிச் சிரித்தான். தெரியாமல் சொன்னான். விட்டுவிட்டேன்.

வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஒவ்வொன்றிலும் நின்று நின்று வந்தோம். காவிரிப் பாலத்தில் நிற்கும்போது கீழே பார்த்தேன். தண்ணீர் மெலிந்துவிட்டது, சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள். சம்பா எல்லாம் பழுத்து நிற்கிறது. நம் வயலும் இந்த வாரம் அறுக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேராகப் பட்டறைக்குப் போனோம்.

"அது அப்படித்தான் தங்கச்சி" என்றார் பாய். "புகைக்கு பாஸ் ஆகணும்னா பெட்ரோல கொறைக்கணும். கொறைச்சா மேடு ஏறாது. மேடு ஏறணும்னா பழையபடி கூட்டணும். கூட்டினா புகையும்."

"அவருக்கு மட்டும் எப்படி ரெண்டும் சரியா வந்துச்சு?"

"அவரு சோதனைக்கு முன்னாடி ஒரு திருப்பு, வெளிய வந்ததும் ஒரு திருப்பு. ரொம்பவும் இல்ல, இம்மி. நடுவுல ஒரு எடம் இருக்கு, அங்க நிறுத்துனா பாலமும் ஏறும், புகையும் அடங்கும். அவருக்குக் காதுல கேக்கும். எனக்கு வரல, பாக்கறீங்கள்ல."

பாய் ஸ்க்ரூவை ஒரு பக்கம் திருப்பினார். வண்டி உறுமியது, கறுப்பாகக் கக்கியது, நான் இருமினேன். மறுபக்கம் திருப்பினார். தூங்கி விழுகிற மாதிரி விழுந்து நின்றது. நடுவில் வைத்தார். நடுங்கியது. "சரி" என்றார், தானே நம்பாத குரலில். கடைத்தெரு மேட்டில் ஏற்றிப் பார்த்தோம், நின்றது. மறுபடி திருப்பினார், புகைந்தது. பாஸ் ஆன தாள் கையில் இருந்தாலும், பிள்ளைத்தாய்ச்சியை இந்தப் புகையில் எப்படி உட்கார வைப்பது? பொழுது சாய்ந்துவிட்டது. "காலையில வாங்க, இன்னொரு தடவ பாப்போம்" என்றார். காலையில் ஏது நேரம்? விடிந்ததும் கிளம்ப வேண்டும், வளைகாப்பு நேரம் பத்தரைக்குள்.

வீட்டுக்கு வந்ததும் கயல் போன் பண்ணினாள். "பாஸ் ஆயிடுச்சாம்ல, சித்தப்பா சொன்னாரு" என்று குதிக்கிறாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு. நான் பாலத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"உனக்குப் பெட்ரோல் வாடை கொமட்டுதுன்னியே பாப்பா."

"மத்த வண்டிதாம்மா கொமட்டுது. அப்பா வண்டி வாடை எனக்கு ஒண்ணும் பண்ணாது."

அந்த வாடை இப்போது இல்லையே, மாமா. ஊசிப்போன பெட்ரோலைக் கொட்டினோம், துருவைக் கழுவினோம், சோப்பைச் சுரண்டினோம், சந்தனத்தைக் குடைந்தோம். பாஸ் ஆக வேண்டுமென்று ஒவ்வொன்றாக எடுத்ததில் உங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டோமோ என்று இருக்கிறது. அவள் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துவிட்டு, "இது அப்பா வண்டி இல்லையே" என்றால் நான் என்ன சொல்வேன்?

சேகர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

"அண்ணி, பேசாம வேற வண்டி சொல்லிடறேன்."

"கயலுக்கு வாக்கு கொடுத்திருக்கு தம்பி."

"அன்னைக்கு என் கையில கிளம்பல. நாளைக்கு அந்தப் புள்ளய ஏத்திக்கிட்டு நடுப்பாலத்துல என் கையில நின்னுச்சுன்னா…" அறுவடை மிஷினை வாய்க்கால் வரப்பில் தனியாக இறக்குகிற ஆள். தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? எனக்கு யார் சொல்வது? நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் பானட்டைத் திறந்திருப்பீர்கள்.

கடைசியில் அவர் போய்க் கயிறு ஒன்றைச் சுருட்டி டிக்கியில் போட்டார். இழுத்துக்கொண்டு வருவதற்கு. அதுதான் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கொட்டகையில், உங்கள் தலையணை மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பானட் திறந்திருக்கிறது. பாயிடம் கேட்டு வாங்கி வந்த சின்ன திருப்புளி மடியில் இருக்கிறது. இந்த ஊரில் பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்றுதான் எல்லோரும் படிக்க எழுதினேன். ஆனால் வண்டி ஓட்டுகிற ஐயாமாரே, நீங்கள் படிக்கிற நேரத்துக்குள் எங்கள் வண்டி பாலத்தைப் பார்த்திருக்கும்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன் மாமா. விடிந்ததும் வெள்ளச்சியோடு போவேன். வாசலில் நிறுத்துவேன். நான் உள்ளே உட்கார்ந்துகொள்வேன், வண்டி வெளியே நிற்கும். உங்கள் மகளை முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்து வருவேன். எந்தப் பாலத்தில் நின்றாலும் நான் இறங்கித் தள்ளுவேன். அவளை இறங்க விடமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். சற்று முன் இந்த ஸ்க்ரூவின் மேல் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பார்த்தேன். வைத்ததும் அந்தக் கட்டிலும் நீங்கள் தூக்கிய கையும் கண்ணுக்கு வந்துவிட்டன. அது ஃபேன் இல்லை. நீங்கள் ஃபேனைக் கேட்கவே இல்லை. கண்ணை மூடி மூடிப் பார்க்கிறேன், கை தெரிகிறது, விரல் தெரிகிறது, திருகியது தெரிகிறது. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது மட்டும் தெரியமாட்டேன் என்கிறது.

எந்தப் பக்கம் திருப்பச் சொன்னீங்க, மாமா?

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், கயலின் அம்மா,
செல்வி